கடல் கடந்து படிக்கப் போகும் நம் பிள்ளைகள்

(திருகோணமலைக்குக் கல்விச் சுற்றுலா வந்திருந்த தோட்டத்துப் பெற்றோர், மாணவர் மத்தியில் நமது நிதியத்தின் கல்விப் பிரிவினர் ஆற்றிய உரை. பேசியபடியே தருகிறோம்.)



பனியில் பஸ் ஏறியவர்களை இந்த வெயிலில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறோம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தண்ணீர்க் குடம் இருக்கிறது, குடிக்க வேண்டியவர்கள் எழுந்து போகலாம், எங்களுக்குக் கோபம் வராது.

இன்றைக்குப் பேசப்போவது பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய்ப் படிப்பதைப் பற்றி. "அதுக்கு எதுக்குங்க திருகோணமலை வரைக்கும் வரணும்? தோட்டத்துல ஒரு நோட்டீசு ஒட்டினா போதாதா?" என்று பஸ்ஸிலேயே ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

முதலில், பல நாடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையை நாலு மாசமோ ஒரு வருஷமோ வேறொரு நாட்டுக்கு அனுப்புவார்கள். வகுப்பறைப் பாடம் பாதி, ஊரைப் பார்த்துப் படிப்பது பாதி. அந்த நாட்டின் அரசியல் எப்படி, அபிவிருத்தி என்று சொல்கிறார்களே அது யாருக்குப் போய்ச் சேருகிறது, மக்கள் எதைச் சாப்பிடுகிறார்கள், எதைக் கும்பிடுகிறார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள், இதெல்லாம் பாடம். அமெரிக்கக் கல்லூரிகள் சில சேர்ந்து 1980களின் தொடக்கத்தில் இருந்து பல ஆண்டுகள் தங்கள் மாணவர்களைக் கண்டிக்கும் பேராதனைக்கும் அனுப்பின. அவுஸ்திரேலியா 2014இல் "புதிய கொழும்புத் திட்டம்" என்று ஒன்றைத் தொடங்கி, தன் நாட்டுப் பிள்ளைகளை ஆசியாவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் அனுப்பிவருகிறது. அந்தப் பட்டியலில் இலங்கையும் உண்டு.

இந்தப் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லயத்து வாசலுக்கு வருவார்கள். கையில் ஒரு கொப்பி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தம்பி. "ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து? வீட்டில் எத்தனை பேர்? மலசலகூடம் எங்கே?" என்று கேட்பார்கள். நாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி அனுப்புவோம். அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. நம்மைப் பற்றி நல்ல ஆய்வுகள் எழுதியவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் இத்தனை வருஷமாக நாம் பதில் சொல்கிற ஆட்களாகவே இருந்துவிட்டோம். கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு இன்னொரு நாட்டுக்காரர் வாசலில் போய் நம்ம பிள்ளை கேள்வி கேட்டது எத்தனை தரம்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சரி, திருகோணமலைக்கு வருவோம்.

இந்தக் குடாவின் தென்பக்கம் தெரிகிறதல்லவா, அது கொட்டியாரம், மூதூர்ப் பக்கம். 1659இல் புயலில் அடிபட்ட ஓர் இங்கிலாந்துக் கப்பல் பாய்மரம் சரிசெய்ய அங்கே ஒதுங்கியது. கப்பல் தலைவரின் மகன் ரொபர்ட் நொக்ஸ். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் 1660இல் தகப்பனையும் மகனையும் இன்னும் சிலரையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அவனுக்கு வயது 19. இங்கே உட்கார்ந்திருக்கும் நம்ம தம்பிமார் வயசு. தகப்பன் காய்ச்சலில் செத்துப்போனார். மகன் 19 வருஷத்துக்கு மேல் மலைநாட்டில் இருந்தான். தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்துப் பிழைத்தான், பாஷை படித்தான். எப்படி உழுகிறார்கள், எப்படி வழக்குப் பேசுகிறார்கள், எப்படிச் சமைக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் மனசில் வைத்துக்கொண்டு 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கத்து அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். (நம் முன்னோர் தோணியில் வந்து இறங்கி மலைநாட்டுக்கு நடந்த கரையும் அந்தப் பக்கம்தான்.) அவன் எழுதிய புத்தகம் 1681இல் லண்டனில் வெளிவந்தது. அந்தக் காலத்துக் கண்டி இராச்சியத்தைப் பற்றி இன்றைக்கும் சரித்திரகாரர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

அவன் விரும்பிப் போகவில்லை, பிடித்துக்கொண்டு போனார்கள். ஆனாலும் கண்ணைத் திறந்து வைத்திருந்தான். அதற்காகத்தான் இந்தக் கதையைச் சொன்னோம்.

இப்போது காலையில் பார்த்த கோட்டைக்கு வாருங்கள். கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போகும் வழியில் ஒரு பெரிய வாசலுக்குள் நுழைந்தீர்களே, அதுதான் பிரெட்ரிக் கோட்டை. 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782இல் மட்டும் ஒரே வருஷத்தில் முதலில் ஆங்கிலேயர், பிறகு பிரெஞ்சுக்காரர் என்று கை மாறியது. பிறகு மறுபடி ஒல்லாந்தர். கடைசியில் 1795இல் ஆங்கிலேயர் வந்து உட்கார்ந்தார்கள்.

அந்த 1795ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த வருஷம் ஐரோப்பாவில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் புகுந்தது. இந்தியாவை வைத்திருந்த ஆங்கிலேயருக்குப் பயம் வந்துவிட்டது. ஒல்லாந்தர் துறைமுகங்கள் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனால் வங்காள விரிகுடாவில் தங்கள் கப்பல் நிற்க முடியாது என்று நினைத்தார்கள். அதனால் ஓகஸ்ட் மாசம் இங்கே வந்து கோட்டையைப் பிடித்தார்கள். அடுத்த வருஷம் கரையோரம் முழுவதும் அவர்கள் கையில். 1815இல் கண்டி விழுந்தது. மலைநாடு கைக்கு வந்ததும் கோப்பி போட்டார்கள். கோப்பிக்கு ஆள் வேண்டும் என்று தமிழ்நாட்டில் இருந்து சனங்களைக் கூட்டிவந்தார்கள். கோப்பி நோயில் அழிந்ததும் தேயிலை.

ஆக, நாம் ஏன் மலையில் இருக்கிறோம் என்று கேட்டால், பதிலின் ஒரு நுனி இந்தக் கோட்டை வாசலில் இருக்கிறது. எங்கேயோ ஒல்லாந்தில் நடந்த சண்டைக்கும், புதுக்கோட்டைப் பக்கமோ திருச்சிப் பக்கமோ ஒரு குடும்பம் மூட்டை கட்டியதற்கும் சம்பந்தம் இருக்கிறது. உலக அரசியல் என்று பெரிய பெயர் வைத்துப் பல்கலைக்கழகங்களில் படிப்பிக்கிறார்களே, அது இதுதான். நம்ம சனங்கள் அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள். பெயர் மட்டும் தெரியாது.

இன்னொன்று. காலையில் எல்லோரும் ரொட்டி சாப்பிட்டோம். அந்த மா எங்கிருந்து வருகிறது? "கடையில இருந்து" என்று ஒரு தங்கச்சி சிரிக்கிறார். கடைக்கு முன்னால்? அதோ சீனக்குடாப் பக்கம் உயரமான கொள்கலன்கள் தெரிகின்றன பாருங்கள். அது பிரிமா மா ஆலை. சிங்கப்பூர்க் கம்பெனியோடு 1977இல் உடன்படிக்கை செய்து, 1980இல் அரைக்கத் தொடங்கியது. ஆழமான துறைமுகம், பெரிய கப்பல் நேரே வந்து கோதுமை இறக்கலாம், அதனால்தான் இங்கே. இலங்கையில் கோதுமை விளையாது. அமெரிக்கா 1954இல் தன்னிடம் மிஞ்சிய தானியத்தை உதவியாகவும் கடனாகவும் மற்ற நாடுகளுக்குக் கொடுக்க ஒரு சட்டம் போட்டது. அந்த வழியில் இலங்கைக்கும் கோதுமையும் மாவும் வந்தன. தோட்டங்களில் நிவாரண மா கொடுத்து சம்பளத்தில் கழித்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சோறு சாப்பிட்ட சனம் மூன்று நேரமும் ரொட்டிக்குப் பழகினது அப்படித்தான்.

2022இல் என்ன நடந்தது? ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. இரண்டும் கோதுமை விற்கிற நாடுகள். மே மாசம் இந்தியாவும் கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. நம்ம நாட்டில் டொலர் இல்லை. லயத்தில் மா விலையைக் கேட்டுத் தலையில் கைவைத்தோம். அந்த நேரம் ஒரு அம்மா எங்களிடம், "உக்ரைன்னு ஒரு ஊர் இருக்குறதே எனக்குத் தெரியாதுங்க, அங்க சண்டைன்னா என் புள்ள ரொட்டி ஏன் சின்னதாப் போகணும்?" என்று கேட்டார். நாங்கள் சொல்கிறோம், எந்தப் பேராசிரியரும் இதைவிட நல்ல பரீட்சைக் கேள்வி எழுத முடியாது. அந்தக் கேள்விக்கு முழுப்பதில் தேடிக்கொண்டு ஒரு பிள்ளை வெளியே போக வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

சீனக்குடா எண்ணெய்த் தொட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஆங்கிலேயர் தங்கள் கப்பற்படைக்காகக் கட்டியது. 99 தொட்டிகள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை நம் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலும் இந்தத் தொட்டிகள் வருகின்றன. 2003இல் இந்தியன் ஒயில் கம்பெனியின் இலங்கைக் கிளைக்குக் குத்தகை, 2022 ஜனவரியில் புது உடன்படிக்கை, 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு எமிரேட்ஸ் மூன்றும் சேர்ந்து இன்னொரு புரிந்துணர்வு. காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கும் இரும்புத் தொட்டிக்கு இத்தனை கையெழுத்து! சம்பூர் சனங்களின் கதை வேறு. 2006இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்து, ஊரில் அனல்மின் நிலையமும் கைத்தொழில் வலயமும் வரப்போகிறது என்று சொல்லித் திரும்பவிடாமல் வைத்திருந்து, 2015க்குப் பிறகுதான் காணிகளுக்குப் போனார்கள். நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அபிவிருத்தி என்றால் யாருக்கு என்று கேட்க அங்கே போனால் போதும்.

ஏன், தலவாக்கலைக்குப் போனாலும் போதுமே. மேல் கொத்மலை மின்திட்டம், 150 மெகாவாட், ஜப்பான் கடன், 2012இல் முடிந்தது. லயத்துக் குடும்பங்கள் வேறு வீடுகளுக்குப் போயின, சென் கிளயர் நீர்வீழ்ச்சியில் தண்ணீர் மெலிந்தது. அதற்கு முன் 1980களில் கொத்மலை அணைக்கு சுவீடன் காசு, விக்டோரியாவுக்கு பிரித்தானியக் காசு, ரந்தெனிகலைக்கு ஜேர்மன் காசு. எல்லாம் மகாவலி. நம்ம ஹட்டன் ஓயா, கொத்மலை ஓயா எல்லாம் சேர்ந்து ஓடுகிற அந்த ஆறு கடைசியில் கடலில் விழுவது எங்கே தெரியுமா? இதோ இந்தக் கொட்டியாரக் குடாவில்தான். இதைச் சொன்னதும் பின்வரிசையில் பெரியவர்கள் எழுந்து எட்டிப் பார்க்கிறார்கள்! அங்கே இருந்து தெரியாது, நாளைக்கு மூதூர் போகும்போது பாலத்தில் நின்று பார்க்கலாம்.

பஸ்ஸில் கேட்ட அண்ணனுக்கு இதுதான் பதில். மலையில் இருந்து ஒரு ராத்திரிப் பயணத்தில் இவ்வளவு தெரிகிறது என்றால், ஒரு பிள்ளை டில்லியிலோ மெல்பேர்னிலோ ஒரு வருஷம் இருந்தால் எவ்வளவு தெரிந்துகொண்டு வரும்.

முன்னால் ஏன் போகவில்லை என்று பிள்ளைகள் கேட்கலாம். 1950 ஜனவரியில் பொதுநலவாய வெளிநாட்டு அமைச்சர்கள் கொழும்பில் கூடிப் பேசி, அதன்படி 1951இல் கொழும்புத் திட்டம் தொடங்கியது. ஆசிய நாடுகளில் இருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் அவுஸ்திரேலியா, கனடா, பிரித்தானியா என்று போய்ப் படித்தார்கள். பெயரே கொழும்புத் திட்டம். ஆனால் அதே காலத்தில்தான், 1948ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தால், கொழும்பில் இருந்து நூறு மைல் தள்ளி மலையில் இருந்த நம்ம தாத்தா பாட்டிமார் நாடற்றவர்கள் ஆனார்கள். நாடற்றவருக்கு ஏது கடவுச்சீட்டு? ஏது புலமைப்பரிசில்? 1964 ஒப்பந்தம் வந்து அங்கே இத்தனை பேர், இங்கே இத்தனை பேர் என்று தலைக்கணக்குப் பிரித்ததே தவிர, பிள்ளை படிக்க வழி சொல்லவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தக் கதை ஒரு முடிவுக்கு வந்தது. மற்றவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்னால் புறப்பட்ட பந்தயத்தில் நாம் இப்போதுதான் காலை எடுத்து வைக்கிறோம். அதனால் மெதுவாகப் போகிறோமே என்று யாரும் வெட்கப்பட வேண்டாம்.

இன்றைக்கு இருக்கும் வழிகளைச் சொல்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள். உயர்தரம் படிக்கிற, பல்கலைக்கழகம் போகிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 1940களில் இருந்தே இருக்கும் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் உதவுகிறது, கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். இந்திய அரசாங்கம் இலங்கை மாணவர்களுக்கு நேரு பெயரில் பட்டப்படிப்புக்கும், மௌலானா ஆசாத் பெயரில் பட்டப்பின் படிப்புக்கும் புலமைப்பரிசில் கொடுத்துவருகிறது. புதுடில்லியில் 2010இல் தொடங்கிய தென்னாசியப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவு, அபிவிருத்திப் பொருளியல், சமூகவியல் எல்லாம் உண்டு. பிரித்தானியாவின் பொதுநலவாயப் புலமைப்பரிசில், அமெரிக்காவின் புல்பிரைட், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ், இவை பெரும்பாலும் முதல் பட்டம் முடித்தவர்களுக்கு. எதற்கும் ஆங்கிலம் வேண்டும். இதை மறைத்துப் பேசிப் பிரயோசனம் இல்லை. கெம்பசில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ளாத பிள்ளைக்குக் கடைசி வருஷத்தில் எந்தப் படிவமும் உதவாது.

இப்போது அம்மாமார் மனசில் இருப்பதற்கு வருகிறோம். நேற்று ராத்திரி தங்குமிடத்தில் ஒரு அம்மா, "பொட்டப் புள்ளைய அம்புட்டுத் தூரம் தனியா அனுப்பிட்டு நான் எப்படிங்க லயத்துல கண்ணை மூடுவேன்? நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்றார். அந்தப் பயத்தை நாங்கள் சின்னதாக எண்ணவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம், கோபிக்க வேண்டாம். நம்ம தோட்டங்களில் எத்தனை பொண்ணுகள் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போனார்கள்? பதினெட்டு வயசு முடிந்தும் முடியாமலும், வயசைக் கூட்டி எழுதிப் போனவர்களும் உண்டு. யார் வீடு, எந்தத் தெரு என்று தெரியாமல் அனுப்பினோம். அப்போதும் நாலு பேர் பேசினார்கள், நாம் வறுமையால் காதைப் பொத்திக்கொண்டோம். மதிலுக்குள் வேலைக்கு அனுப்பத் துணிந்த நாம், விடுதியும் விரிவுரையாளரும் கூடப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிற இடத்துக்கு அனுப்பத் தயங்குவது சரியா? "திரும்பி வருவாளா?" என்றும் அந்த அம்மா கேட்டார். சில பேர் வரமாட்டார்கள், உண்மையைச் சொல்கிறோம். போகிற எல்லோரும் தோட்டத்துக்கே திரும்பி வரவேண்டும் என்று நாங்கள் கட்டளை போடப்போவதில்லை. பிள்ளையை மலைக்கே கட்டிப்போட நினைத்தவர்கள் துரைமார். அந்த வேலையை நாமும் செய்யக் கூடாது.

ஆனால் தரகர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நாங்கள் சொன்ன புலமைப்பரிசில் எதிலும் தரகருக்கு இடமே கிடையாது. ஊரில் போஸ்டர் ஒட்டி, "ஐ.ஈ.எல்.டி.எஸ். வேண்டாம், படிச்சுக்கிட்டே லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம்" என்று சொல்கிறவர்களிடம் தோட்டை அடகு வைத்துக் காசு கட்டாதீர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்வார்களா என்று முதலில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். மூலச் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டையும் யார் கையிலும் விட்டுவைக்காதீர்கள், பிரதி மட்டும் கொடுங்கள். கணினி வேலை என்று ஏமாந்து போய் மியன்மார் எல்லையில் மோசடிக் கும்பலிடம் மாட்டிக்கொண்ட இலங்கைப் பிள்ளைகளின் கதை சில வருஷங்களாகப் பத்திரிகைகளில் வந்தது உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம், இது இன்றைக்கே தொடங்கக்கூடியது. நம்ம பிள்ளைகளின் விண்ணப்பம் கெட்டுப்போவது பல தரம் மார்க்கினால் இல்லை, பெயரினால். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஆங்கில எழுத்து வேறு மாதிரி. கந்தோரில் யாரோ காதில் விழுந்தபடி எழுதியது. தகப்பன் பெயர் ஓரிடத்தில் "ராமன்", இன்னோரிடத்தில் "ராமையா". கடவுச்சீட்டுக்குப் போய் நிற்கும்போது அதைத் திருத்த மாதக்கணக்காக அலைய வேண்டும், அதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதி போய்விடும். ஆகவே வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து எல்லாப் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் ஒன்றுக்கு ஒன்று வைத்துப் பாருங்கள். அஞ்சாம் வகுப்பில் இருக்கிற பிள்ளையுடையதையும் சேர்த்துத்தான். எழுத்து வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவாளரிடம் திருத்தம் கேட்க வேண்டும். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு மூலப் பிரதியையும் இரண்டு போட்டோப் பிரதியையும் கொண்டுவாருங்கள், எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து நிரப்பித் தருவார்கள்.

சாப்பாடு வந்துவிட்டது. வணக்கம்.